எந்த ஊர் என்று கேள், தம்பி

அன்புத் தம்பிக்கு,

அண்ணனூரில் கிளினிக் திறந்துவிட்டாய். அம்பத்தூர் எஸ்டேட் வேலைக்காக ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் அந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கின்றன. அவர்கள் குழந்தையைத் தூக்கி வந்தால், எத்தனை நாள் காய்ச்சல் என்பதோடு சொந்த ஊர் எது என்றும் கேள். ஊரில் ரத்தம் எடுத்து அட்டை கொடுத்தார்களா என்று கேள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் அரிவாள் செல் நோயைத் தேடிவருகிறது. நமக்கும் இது புதிதல்ல. இந்தியாவில் இந்தக் கோளாறு முதன்முதலில் பதிவானதே 1952இல், நம் நீலகிரி மக்களிடம்தான்.

அரிவாள் செல் நோய் உள்ள பிள்ளைகளுக்கு மண்ணீரல் சரியாக வேலை செய்யாது. நிமோகாக்கஸ் கிருமி சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே 38.5 டிகிரி செல்சியஸ் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் கொடுத்து, நாளைக்கு வா என்று அனுப்பாதே. ரத்த கல்ச்சர் எடு. வசதி இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்காதே. ஒரு மணி நேரத்துக்குள் செஃப்ட்ரியாக்சோன் போட்டாக வேண்டும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்புவது அதற்கப்புறம்.

ஒவ்வொரு முறையும் வயிற்றைத் தொட்டுப் பார். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் திடீரென வீங்கி, பிள்ளை வெளுத்துத் துவண்டால், உடம்பு ரத்தம் அங்கே போய்த் தேங்குகிறது. கைக்குழந்தைகளுக்கு வருவது என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பாய். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு மண்ணீரல் பல வருடம் பெரிதாகவே இருப்பதுண்டு; பள்ளிக்கூடம் போகும் வயதிலும் வரும். ரத்தம் ஏற்றினால் கிலோவுக்கு 5 மில்லி போலக் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும், தேங்கிய ரத்தமும் பிறகு திரும்பி வருமே! தாய்க்கும் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடு. இதைவிடப் பயனுள்ள பரிசோதனை எனக்குத் தெரியாது.

கைகால் வலி என்று அலறும் பிள்ளையை, நடிக்கிறான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொங்கும். அந்த வலியை அளக்க லேபில் எந்த டெஸ்ட்டும் கிடையாது. அவன் சொல்வதை நம்பி உடனே மருந்து கொடு. கடும் வலிக்கு மார்ஃபினே தேவைப்படும், அது பெரிய ஆஸ்பத்திரியில். பாட்டில் பாட்டிலாக டிரிப் ஏற்றாதே, நுரையீரல் தாங்காது. நெஞ்சுவலி, மூச்சிறைப்பு, ஆக்சிஜன் 95க்குக் கீழே, வாய் கோணல், ஒரு பக்கம் கைகால் தளர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடு.

தாய்க்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அதனால் ரெஃபரல் சீட்டின் முதல் வரியிலேயே அரிவாள் செல் என்று எழுது. ஊசி போட்ட நேரம், மண்ணீரல் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபின், எல்லாம் இருக்கட்டும். உன் செல்போன் நம்பரையும் போட்டு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்