வெள்ளை முள் கத்தரி: களையை அறிவோம், நிலத்தைக் காப்போம்



நம் குழுக்களில் பலர் கூட்டாகக் குத்தகை நிலம் எடுத்துக் காய்கறி போடுகிறோம். சிலர் கடன் வாங்கி ஆடு, மாடு வளர்க்கிறோம். இந்த இரண்டு தொழிலிலும் கை வைக்கும் ஒரு களையைப் பற்றி இந்த இதழில் படிப்போம். "போன மாசம்தான் கொத்தி எடுத்தோம், இப்ப ரெண்டு மடங்கா வந்து நிக்குது" என்று சொல்கிறோமே, அந்தச் செடிதான் இது.

இதன் அறிவியல் பெயர் சொலானம் எலாக்னிஃபோலியம். ஊருக்கு ஊர் வேறு பெயர் சொல்வார்கள். இலை வெளுத்து இருப்பதால் நாம் இங்கே வெள்ளை முள் கத்தரி என்று வைத்துக்கொள்வோம்.

எங்கிருந்து வந்தது?

இது நம் மண்ணின் செடி அல்ல. அமெரிக்கக் கண்டங்கள்தான் இதன் தாய்வீடு. ஆஸ்திரேலியாவில் 1901-ஆம் ஆண்டே இதைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்க விவசாயிகள் படும் பாட்டில் இதற்குச் 'சாத்தான் புதர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் தமிழ்நாட்டில் கோவைப் பகுதியில் பல ஆண்டுகளாகவே இது பெரிய தொல்லை.

எப்படி அடையாளம் காண்பது?

கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். அதனால் பூ கத்தரிப்பூ போலவே ஊதா நிறத்தில், நடுவில் மஞ்சளாக இருக்கும். இதைக் கண்டங்கத்தரி என்று தவறாக நினைப்பவர்கள் உண்டு. வித்தியாசம் இதுதான்:

• கண்டங்கத்தரி தரையோடு படரும். இது முழங்கால் உயரத்துக்கும் மேலே நிமிர்ந்து வளரும்.
• கண்டங்கத்தரி இலை பச்சையாக, நீண்ட முள்ளோடு இருக்கும். இதன் இலை நீண்டு ஒடுங்கி, ஓரம் வளைந்து, சாம்பல் பூசியதுபோல் வெளுத்திருக்கும். தண்டில் சிறு ஊசி முட்கள் இருக்கும்.
• இதன் காய் சுண்டைக்காய் அளவுதான். முதலில் பச்சையில் வெள்ளைக் கோடு, பழுத்தால் மஞ்சள் நிறம்.

கண்டங்கத்தரி மருந்துக்கு ஆகும். இது ஆகாது. காயில் நஞ்சு இருக்கிறது. விளையாட்டாகக் கூடக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடு தின்றாலும் நோய்ப்படும். நாட்டு மருந்துக்குச் செடி சேகரிக்கும் சகோதரிகள் ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துப் பறியுங்கள்.

ஏன் அழிய மாட்டேன் என்கிறது?

ரகசியம் வேரில் இருக்கிறது. வேர் ஒரு ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கும். பக்கவாட்டிலும் ஓடும். அந்த வேரில் ஒரு விரல்கணு அளவு துண்டு மண்ணில் தங்கினாலே புதுச் செடி முளைக்கும். நாம் களைக்கொத்தால் வெட்டி வேரை நாலு துண்டாக்கினால், நாலு செடிக்கு வழி செய்கிறோம். டிராக்டர் ஓட்டினால் துண்டுகள் வயல் முழுக்கப் பரவும்.

பத்துப் பேர் மூன்று நாள் களை எடுத்தால் முப்பது ஆள் கூலி. அந்த உழைப்பு களையை ஒழிக்காமல் களையை வளர்த்தால், நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான்.

எப்படிப் பரவுகிறது?

ஒவ்வொரு பழத்திலும் விதைகள் ஏராளம். மண்ணுக்குள் பத்து வருடம் கூட உயிரோடு கிடக்கும். வாய்க்கால் தண்ணீர், வைக்கோல், கலப்பையில் ஒட்டிய மண் எல்லாம் இதைச் சுமந்து போகும். முக்கியமாக ஆடுகள்! மாட்டைவிட ஆடு இந்த நஞ்சைத் தாங்கும். அது பழத்தைத் தின்றால் விதை சாகாமல் புழுக்கையில் வெளியே வரும். எருவுக்காகப் பட்டி போடும்போது, எருவோடு களையும் இலவசமாக வந்துவிடுகிறது.

நாம் என்ன செய்யலாம்?

1. குத்தகை பேசும் முன் நாலு பேராக நிலத்தைச் சுற்றிப் பாருங்கள். வரப்பையும் பாருங்கள். இந்தச் செடி நிறைய இருந்தால் குத்தகைத் தொகையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது வேறு நிலம் பாருங்கள்.
2. விதையிலிருந்து வந்த இளம் கன்றை ஈர மண்ணில் உடனே வேரோடு பிடுங்குங்கள். சில வாரம் விட்டாலே வேர் பலப்பட்டுவிடும்.
3. பழைய செடியைக் கொத்திக் கிளறாதீர்கள். பூக்கும் முன்பே தரையோடு அறுத்துவிடுங்கள். துளிர்க்கத் துளிர்க்க அறுத்தால் வேரில் உள்ள சேமிப்பு கரையும். இது ஒரு மாத வேலை அல்ல, சில வருட வேலை.
4. பழம் உள்ள செடியை உரக்குழியில் போடாதீர்கள். காயவைத்து எரித்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.
5. பழம் மேய்ந்த ஆட்டை இரண்டு வாரம் ஒரே இடத்தில் கட்டி வைத்த பிறகு பட்டிக்கு விடுங்கள்.
6. வாடகை டிராக்டர் வந்தால், ஒட்டிய மண்ணைத் தட்டிய பிறகே வயலில் இறக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், காசு கொடுப்பது நாம்தான்.
7. களைக்கொல்லி பற்றிக் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இந்தச் செடியின் இலையைத் தின்னும் வண்டுகளை 1992-இல் வயல்களில் விட்டார்கள். கத்தரிப் பயிருக்கு ஆபத்து வருமா என்று ஆராய்ந்த பிறகே விட்டார்கள். கத்தரி விளையும் நம் ஊரில் அப்படி ஒரு வழியை நாமாக முயல முடியாது.

ஒருவர் வயலில் மட்டும் அறுத்துப் பயன் இல்லை. பக்கத்து வரப்பில் பழுத்தால் மறுபடி வந்துவிடும். சேமிப்பைப் போலத்தான் இதுவும்: எல்லோரும், தவறாமல் செய்தால்தான் பலன்.

குழுக் கூட்டத்தில் பேச:

• நம் ஊரில் இந்தச் செடி எங்கெங்கே இருக்கிறது? ஊர் வரைபடம் போட்டுக் குறியுங்கள்.
• பாதை ஓரம், புறம்போக்கில் உள்ளதை யார் அறுப்பது? ஊராட்சியில் மனு கொடுக்கலாமா?
• மாதம் ஒரு நாள் களை நாள் என்று தீர்மானம் போட முடியுமா?

முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த மாதம் அதைப் படித்துப் பார்த்து, என்ன நடந்தது என்று பேசுங்கள்.