எரிபொருள் மானியமும் ஜெனீவாவும்

கேள்வி: எங்கள் படகுகளுக்கான எரிபொருள் மானியத்தை உலக வணிக அமைப்பு நிறுத்திவிடுமா? அமைச்சர்கள் கூடியும் ஏன் முடிவு வரவில்லை?
– மீனவர், காலாப்பட்டு

பதில்: 2022 ஜூனில் ஜெனீவாவில் நிறைவேறிய ஒப்பந்தம் உங்கள்மேல் நேரடியாகப் பாயாது. சட்டவிரோத மீன்பிடிப்பு, அருகிப்போன மீன்வளம் போன்றவற்றுக்கான மானியத்தையே அது தடுக்கிறது. எரிபொருளைத் தொடும் இரண்டாம் பகுதிக்கான பேச்சு 2024இல் அபுதாபி அமைச்சர்கள் மாநாட்டில் முறிந்தது. வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும், தூரக்கடலில் மீன்பிடிக்கும் நாடுகள் அதே காலம் மானியத்தை நிறுத்த வேண்டும் என்று இந்தியா கேட்டது. ஃபைபர் படகையும் மாதக்கணக்கில் கடலில் நிற்கும் ராட்சதக் கப்பலையும் ஒரே தராசில் வைக்கலாமா? கேட்டது நியாயம்தான்.

உலக வணிக அமைப்பில் ஒரு நாடு மறுத்தாலும் முடிவில்லை. மாநாடோ நாலைந்து நாள். சர்ச்சைக்குரிய வாசகங்கள் வரைவில் அடைப்புக்குறிக்குள் நிற்கும்; தூதர்கள் பல மாதம் முன்பே பேசி அவற்றை இரண்டு மூன்றாகக் குறைத்தால்தான் அமைச்சர்களால் தீர்க்க முடியும். 2022இல்கூட, தகராறான பகுதியை ஒதுக்கியபிறகே மிச்சம் நிறைவேறியது.