கப்பல் உடைந்த பின்பும்

வேதபாடம்
வாசிக்கவேண்டிய பகுதி: அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரம், 28:1-11



விளைந்த வயலை விட்டு, விதைநெல்லைக்கூட எடுக்க நேரமின்றி வந்தவர்களின் மனதில் ஒரு கேள்வி நிற்கும். “கடவுள் எங்களோடு இருந்தால் எல்லாம் ஏன் போனது?” அப்படிக் கேட்பது அவிசுவாசம் அல்ல. அந்தக் கேள்வியோடேயே இப்பகுதியை வாசிப்போம்.

கோதுமைக் கப்பல்

கி.பி. 60ஆம் ஆண்டளவில் பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் ஏறிய கப்பல் எகிப்திலுள்ள அலெக்சந்திரியாவைச் சேர்ந்தது. நைல் நதிக்கரைக் கமக்காரர் விளைவித்த கோதுமை இப்படியான கப்பல்களிலேயே ரோமாபுரிக்குப் போகும்.

மாரிகாலம் நெருங்கியிருந்தது. பயணம் ஆபத்தானது என்று பவுல் எச்சரித்தும் எவரும் கேட்கவில்லை. கிரேத்தாத் தீவின் கரையோரம் போகையில் வடகிழக்கிலிருந்து கடும் புயல் அடித்தது. பல நாட்களாகச் சூரியனும் இல்லை, நட்சத்திரங்களும் இல்லை. திசையறிய வேறு வழியற்ற அக்காலத்தில், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. முதலில் சரக்கை எறிந்தார்கள்; பின்பு கப்பலின் தளபாடங்களை எறிந்தார்கள். கப்பலில் 276 பேர் இருந்தார்கள்.

1. பவுல் இழப்பை மறைக்கவில்லை

கப்பல் போய்விடும், உயிர்கள் தப்பும் என்று தேவதூதன் மூலம் அறிந்ததைப் பவுல் எல்லாருக்கும் சொன்னார். கப்பலும் தப்பும் என்று பொய்யாகத் தேற்றவில்லை.

அந்த வாக்கு அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. நம்மில் பலர் வீட்டையும் காணியையும் மட்டுமல்ல, பெற்ற பிள்ளைகளையும் இழந்திருக்கிறோம். அவர்களுடைய விசுவாசம் குறைவு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பவுலும் கரைசேர்ந்த பின்பு கைதியாகவே இருந்தார். தன்னிடம் என்ன மிஞ்சும் என்பதில் அல்ல, தான் யாருக்குச் சொந்தம் என்பதிலேயே அவருடைய தைரியம் இருந்தது.

2. நம்பிக்கை கைகளைக் கட்டிப்போடாது

மாலுமிகள் சிலர் சிறு படகில் இரகசியமாகத் தப்ப முயன்றார்கள். தொழில் தெரிந்தவர்கள் போய்விட்டால் மற்றவர்கள் பிழைக்க முடியாது என்று பவுல் எச்சரித்தார். போர்ச்சேவகர் படகின் கயிறுகளை அறுத்துவிட்டார்கள். கடவுள் வாக்குக் கொடுத்திருந்தும், எல்லாரும் ஒன்றாக நிற்கவேண்டியிருந்தது.

பதினாலு நாட்களாக அவர்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பவுல் அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு நன்றி சொல்லி, முதலில் தாம் சாப்பிட்டார். மற்றவர்களும் திடன்கொண்டு சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்த பின்பே மிஞ்சிய கோதுமையைக் கடலில் கொட்டினார்கள். கவலையால் அடுப்பு மூட்டாதிருக்கும் தாய்மார் இதைக் கவனிக்கவேண்டும். சாப்பிடுவதும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் விசுவாசத்தின் செயலே.

3. உடைந்த பலகையும் உதவியது

நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள். மற்றவர்கள் பலகைகளிலும் உடைந்த கப்பலின் துண்டுகளிலும் பற்றிக்கொண்டு கரைசேர்ந்தார்கள். மெலித்தாத் தீவு மக்கள், மழையிலும் குளிரிலும் வந்த அந்நியர்களுக்கு நெருப்பு மூட்டினார்கள். பவுல் சும்மா இருக்கவில்லை; தாமும் விறகு பொறுக்கிப் போட்டார். உதவி பெறுவது வெட்கமல்ல. பெறுகிறவரும் ஒரு சுள்ளியாவது கொண்டுவரலாம். மூன்று மாதத்தின் பின் வேறொரு கப்பலில் பயணம் தொடர்ந்தது.

நம்முடைய கப்பல் உடைந்தது உண்மை. ஆனால் நாற்றுமேடை போடத் தெரிந்த கை, மாட்டின் நோயறியும் கண், விதை காயவைக்கும் பக்குவம் ஆகியவை நம்மோடு வந்திருக்கின்றன. அவையே நமக்கு மிஞ்சிய பலகைகள்.

கலந்துரையாட

1. நாம் இழந்தவற்றில் எதைப் பற்றி இன்னும் வாய்விட்டு அழவில்லை?
2. நம் மத்தியில் சாப்பிடாமல், பேசாமல் இருப்பவர் யார்? அவரிடம் யார் போவது?
3. நமக்கு நெருப்பு மூட்டிய ஊரவருக்கு நாம் கொண்டுபோகக்கூடிய சுள்ளி எது?

செய்து பார்க்க

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு குடும்பத்திலும் யாருக்கு என்ன தொழில் தெரியும் என்று எழுதுங்கள். அடுத்தவருக்குக் கற்பிக்கக்கூடிய ஒன்றைத் தெரிந்தெடுத்து, அந்த வாரமே தொடங்குங்கள்.

ஜெபம்

ஆண்டவரே, கரை தெரியாத இரவிலும் நாங்கள் உம்முடையவர்கள். இன்றைய உணவுக்கு நன்றி. ஒருவரையொருவர் கைவிடாமல் விடியும்வரை எங்களைக் காத்தருளும். ஆமென்.