முதல் டி.எஸ்.எல்.ஆர். காமிரா: வாங்குமுன் வியாபாரி பார்க்க வேண்டிய கணக்கு



மளிகை வியாபாரிக்குக் காமிராவைப் பற்றி என்ன பாடம் என்று சிலர் கேட்கலாம். முன்பெல்லாம் காகிதப் பொட்டலத்தில் சாம்பிள் கட்டி பஸ்ஸில் கொடுத்தனுப்புவோம். வெளியூர் கடைக்காரர் கையில் அள்ளிப் பார்த்து, கடித்துப் பார்த்து, பிறகுதான் விலை பேசுவார். இன்று வாட்ஸ்அப்பில் படம் போகிறது, விலை படிகிறது, லாரியில் சரக்கு ஏறுகிறது. படத்தில் தவறு இருந்தால் அது நம் வாக்கில் ஏற்பட்ட தவறாகவே எண்ணப்படும்.

இதை நான் நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருமுறை அறுபது மூட்டை மல்லிக்கு வெளியூர் வியாபாரி ஒருவருக்குப் படம் அனுப்பினோம். கடை வாசலில் கட்டியிருந்த பச்சைத் தார்ப்பாயின் நிழலில், குமாஸ்தா தம் செல்போனில் எடுத்த படம் அது. படத்தில் மல்லி நல்ல பச்சையாகத் தெரிந்தது. அந்த நிறத்துக்குரிய விலையை அவரும் ஒப்புக்கொண்டார். சரக்கு போய்ச் சேர்ந்ததும், "படத்தில் இருந்த நிறம் மூட்டையில் இல்லையே, அண்ணாச்சி" என்று போன் வந்தது. அவர் சொன்னது நியாயம். கிலோவுக்கு 4 ரூபாய் தள்ளிக் கொடுத்தோம். 2,400 கிலோவுக்கு 9,600 ரூபாய். பணம் போனதைவிட, அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு முறையும் "சாம்பிளைக் கையில் கொடுத்தனுப்புங்கள்" என்று கேட்டதுதான் எனக்கு வருத்தம்.

அதன்பின் நல்ல காமிரா ஒன்று வாங்குவது என்று முடிவு செய்து, பல மாதம் விசாரித்துக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில், நமக்குத் தேவையா?

அன்றாட விலை நிலவரத்தோடு ஒரு படம் அனுப்புவது மட்டுமே வேலை என்றால் இப்போதுள்ள செல்போன் போதும். அதற்காகக் காமிராவில் முதலை முடக்க வேண்டாம்.

கீழ்க்கண்ட வேலைகளில் ஏதேனும் ஒன்று இருந்தால் காமிரா பயன்படும். சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு, அதன் மேல் படம் அச்சடிப்பவர்கள். இணையத்தில் விற்பனைக்குப் பொருள்களைப் பட்டியலிடுபவர்கள். ஆண்டுக்கொருமுறை விலைப் புத்தகம், காலண்டர் அச்சிடுபவர்கள். ரகத்துக்கு ரகம் நிறம் மாறி, அந்த நிறத்துக்கே விலை கிடைக்கும் மல்லி, மிளகாய், மஞ்சள், ஏலக்காய் போன்ற சரக்கை விற்பவர்கள். செல்போன் பல நேரங்களில் படத்தைத் தானாகவே பளிச்சென்று ஆக்கிவிடும். காமிராவில் நிறத்தையும் வெளிச்சத்தையும் நாமே கட்டுப்படுத்தி, இன்று எடுத்தது போலவே அடுத்த மாதமும் எடுக்கலாம்.

2. டி.எஸ்.எல்.ஆர். என்பது என்ன?

லென்ஸ் வழியாக வரும் ஒளியை உள்ளே சாய்வாக இருக்கும் ஒரு கண்ணாடி மேலே திருப்பி, நாம் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்துக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பும், ஷட்டர் திறக்கும், ஒளி பின்னாலுள்ள சென்சாரில் விழும். பிலிம் இருந்த இடத்தில் சென்சார் வந்துவிட்டது. மற்றபடி பழைய எஸ்.எல்.ஆர். காமிராவின் அமைப்புதான்.

1991-ல் கோடக் கம்பெனி, நிக்கான் எஃப் 3 காமிராவை வைத்து இதன் முதல் விற்பனை மாடலைக் கொண்டுவந்தது. அதன் அளவு 1.3 மெகா பிக்சல்தான். 2003-ல் கேனன் 300 டி, ஆயிரம் டாலருக்குக் குறைவான விலையில் வந்தது. சாமானியர் கைக்கு டி.எஸ்.எல்.ஆர். எட்டத் தொடங்கியது அப்போதுதான்.

இப்போது இந்தக் கம்பெனிகளின் புதிய மாடல்கள் பெரும்பாலும் கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் வகையாகவே வருகின்றன. கேனனும் நிக்கானும் 2018-ல் அதற்கென்று புதிய மவுண்ட்டுகளைத் தொடங்கின. இதனால் டி.எஸ்.எல்.ஆர். வீணாகிவிடவில்லை. பலர் மாறிக்கொள்வதால் நல்ல பழைய காமிராக்களும் லென்ஸ்களும் சந்தைக்கு வருகின்றன. அசையாமல் இருக்கும் சரக்கைப் படம் எடுக்கும் நமக்கு, அவற்றிலேயே வேலை முடியும்.

3. மெகா பிக்சல் கணக்கு

விற்பனையாளர் முதலில் சொல்வது மெகா பிக்சலைத்தான். இதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஏ4 தாளில் முழுப்பக்கப் படம் என்றால் 2,480 x 3,508 புள்ளிகள். பெருக்கினால் சுமார் 87 லட்சம், அதாவது 8.7 மெகா பிக்சல். 12 x 18 அங்குலக் காலண்டர் படத்துக்கு 3,600 x 5,400, சுமார் 19.4 மெகா பிக்சல். கேனன் 1500 டி, நிக்கான் டி 3500 போன்ற ஆரம்ப நிலைக் காமிராக்களிலேயே 24 மெகா பிக்சல் இருக்கிறது. இதற்கு மேல் கொடுக்கும் பணம் நம் வேலைக்கு அதிகம்.

சென்சாரின் அளவிலும் இரண்டு வகை உண்டு. முழு அளவு என்பது 36 x 24 மி.மீ. ஆரம்ப நிலைக் காமிராக்களில் இருப்பது அதைவிடச் சிறியது, நிக்கானில் 23.5 x 15.6, கேனனில் 22.3 x 14.9 மி.மீ. இருட்டான கல்யாண மண்டபத்தில் படம் எடுப்பவருக்குப் பெரிய சென்சார் உதவும். விளக்கு வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, பருப்பைப் படம் எடுப்பவருக்குச் சிறியதே போதும்.

4. மவுண்ட்தான் நீண்ட நாள் கணக்கு

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். காமிராவின் உடலை நான்கைந்து ஆண்டில் மாற்றிவிடலாம். லென்ஸ் அதைவிட நீண்ட காலம் உழைக்கும். உடலோடு லென்ஸ் பூட்டும் இடத்துக்கு மவுண்ட் என்று பெயர். ஒரு கம்பெனியின் லென்ஸ் இன்னொரு கம்பெனியின் உடலில் நேராகப் பொருந்தாது. ஆகவே முதல் காமிரா வாங்கும்போது ஒரு பொருளை மட்டும் வாங்கவில்லை. ஒரு கம்பெனியிடம் பல ஆண்டுக்கான கணக்கைத் திறக்கிறோம். முதல் லோடு மலிவு என்பதற்காக மட்டும் நாம் ஒரு மில்லோடு கணக்கு வைத்துக்கொள்வதில்லை அல்லவா? பின்னால் சரக்கு ஒழுங்காகக் கிடைக்குமா என்றும் பார்ப்போம். அதே புத்தி இங்கும் வேண்டும்.

நிக்கானின் எஃப் மவுண்ட் 1959 முதல் இருக்கிறது. கேனனின் இ.எஃப். மவுண்ட் 1987-ல் வந்தது. இரண்டுக்கும் பழைய லென்ஸ்கள் ஏராளம். ஆனால் இரண்டிலும் ஏமாறக்கூடிய இடம் உண்டு.

நிக்கான்: டி 3000, டி 5000 வரிசைக் காமிராக்களின் உடலில் போகஸ் மோட்டார் இல்லை. ஏ.எஃப்., ஏ.எஃப்.-டி என்று குறித்த பழைய லென்ஸை மலிவாக வாங்கிப் போட்டால் தானாகப் போகஸ் ஆகாது. கையால் திருக வேண்டும். ஏ.எஃப்.-எஸ் அல்லது ஏ.எஃப்.-பி என்று குறித்தவற்றில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும்.

கேனன்: இ.எஃப்.-எஸ் என்று குறித்த லென்ஸ்கள் சிறிய சென்சார் காமிராவுக்கு மட்டுமே. பின்னால் முழு அளவு டி.எஸ்.எல்.ஆர். வாங்கினால் அதில் பூட்ட முடியாது. இ.எஃப். லென்ஸ்கள் இரண்டிலும் பொருந்தும்.

நாளை மிர்ரர்லெஸ் வாங்க நேர்ந்தால், இரு கம்பெனிகளும் தத்தம் பழைய லென்ஸைப் பூட்ட அடாப்டர் செய்கின்றன. அதனால் இன்று லென்ஸில் போடும் பணம் அப்படியே முழுகிவிடாது.

5. எந்த லென்ஸ்?

காமிராவோடு சேர்த்துத் தரும் 18-55 மி.மீ. லென்ஸைப் பலர் இளப்பமாகப் பேசுவார்கள். 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸையும் சேர்த்து வாங்கச் சொல்வார்கள். அது நல்ல லென்ஸ்தான், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் எஃப் 1.8-ல் எடுத்தால் ஒரு மெல்லிய பகுதி மட்டுமே தெளிவாகவும், முன்னும் பின்னும் மங்கலாகவும் வரும். மனித முகத்துக்கு அது அழகு. சாக்கு வாயிலிருந்து அடிவரை தெளிவாகத் தெரிய வேண்டிய சரக்குக்கு அது குறை. நமக்கு எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி எடுப்பதே சரி. அந்த அளவில் 18-55 லென்ஸ் நன்றாகவே வேலை செய்யும். ஏறக்குறைய 25 செ.மீ. தூரம் வரை நெருங்கியும் எடுக்கலாம். உளுந்தின் பொட்டு, துவரையின் உடைசல் எல்லாம் தெரியும். ஆறு மாதம் அதிலேயே எடுத்துவிட்டு, எது போதவில்லை என்று தெரிந்த பிறகு அடுத்த லென்ஸைப் பாருங்கள்.

6. அடக்க விலை

காமிராவின் விலை வேறு, அதன் அடக்க விலை வேறு. மெமரி கார்டு, உபரி பேட்டரி, மூன்று கால் ஸ்டாண்டு, பை, இரண்டு நல்ல விளக்கு, பின்னால் வைக்க வெள்ளை அட்டை இவ்வளவும் சேர்த்தால்தான் அடக்கம். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதையாக, உடலுக்கே எல்லாப் பணத்தையும் கொடுத்துவிட்டு ஸ்டாண்டு வாங்காமல் விடுபவர்கள் பலர். கையிலுள்ள தொகையில் பாதிக்கு மேல் உடலுக்குப் போகக்கூடாது என்பது என் கணக்கு.

7. பழையது வாங்கும்போது

பழைய லாரிக்குக் கிலோமீட்டர் பார்ப்பது போல, காமிராவுக்கு ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்று பார்க்க வேண்டும். நிக்கானில் இந்த எண் படத்தின் கோப்பிலேயே பதிவாகும். கேனனில் பல மாடல்களுக்குத் தனி மென்பொருள் வைத்துத்தான் பார்க்க முடியும். நிக்கான் டி 3500-ன் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. எண்பதாயிரம் ஓடியதைப் புதிதின் விலைக்குப் பக்கத்தில் சொன்னால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, எஃப் 16 அல்லது 22 வைத்து ஒரு வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசு. இதைத் துடைக்கலாம்; பேரத்துக்கு உதவும். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி நூல் போலத் தெரிந்தால் பூஞ்சை. அந்த லென்ஸ் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

8. பில்லும் வரியும்

டிஜிட்டல் காமிராவுக்கு ஜி.எஸ்.டி. 2019 ஜனவரி 1 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. கடை உபயோகத்துக்கு என்றால் பில்லைக் கடையின் பெயரிலும் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணிலும் கேட்டு வாங்குங்கள். அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். மூன்று எச்சரிக்கை: காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது. வரி இல்லாத சரக்கும் சேர்த்து விற்பவர்கள் விகிதப்படிதான் எடுக்க முடியும். வரித் தொகைக்கும் சேர்த்துத் தேய்மானம் எழுதினால், வரவு எடுக்க முடியாது. உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பில் இல்லாமல் மலிவாக வரும் வெளிநாட்டுச் சரக்குக்கு இங்கே கம்பெனி வாரண்டி கிடைக்காமல் போகலாம். மிச்சம் பிடித்தது ஒரு ரிப்பேரில் போய்விடும்.

9. வாங்கிய பிறகு

நம் கடைகளில் காமிராவுக்கு எதிரி இரண்டு: தூசு, ஈரம். மிளகாய், மாவு தூசு பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றாதீர்கள். இரவில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். தோல் பையில் மாதக்கணக்கில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இதெல்லாம் நம் சரக்குக்குச் செய்யும் பாதுகாப்புதான்.

கடைசியாக நிறம். காமிராவில் ஒயிட் பேலன்ஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. சரக்கு இருக்கும் அதே வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து, படம் முழுவதும் அது நிறையும்படி எடுத்து, "இதுதான் வெள்ளை" என்று காமிராவுக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். அதன்பின் எடுக்கும் படங்களில் நிறம் ஒழுங்காக வரும். டியூப் லைட்டும் வாசல் வெயிலும் கலந்த இடத்தில் எடுக்காதீர்கள். ஏதேனும் ஒரே வெளிச்சம் போதும். எடுத்த படத்தைப் பக்கத்திலுள்ள சரக்கோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

இப்போது எங்கள் கடையில் 24 மெகா பிக்சல் காமிரா ஒன்று, பழையது, 18-55 லென்ஸோடு இருக்கிறது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று அந்தப் பச்சைத் தார்ப்பாயின் அடியில் இதே காமிராவை வைத்து, ஒன்றும் பார்க்காமல் எடுத்திருந்தாலும் மல்லி பச்சையாகத்தான் வந்திருக்கும். செல்போனோடு நாலடி தள்ளி வெளியே வந்து எடுத்திருந்தால் 9,600 ரூபாய் மிச்சம். எனவே காமிரா வாங்கப் பணம் ஒதுக்குமுன், நாளைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் சரக்கு ஒரு பிடியை வைத்து, கடையின் நான்கு இடங்களில் படம் எடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் நிறம் சரியாக வருகிறது என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் ஒரு மேசை போடுங்கள். காமிரா பிறகு வரட்டும்.

சென்ற மாதம் அதே வெளியூர் வியாபாரிக்கு மல்லிப் படம் அனுப்பினேன். சாம்பிள் கேட்காமலே நாற்பது மூட்டை எழுதிக்கொள்ளச் சொன்னார்.