தேய்த்தால் போகாத கறை

வீட்டுக்கு வரும் விருந்தினர், கூடத்தில் அமர்ந்து காப்பி அருந்தி, நம் புத்தக அலமாரியை இரண்டு வார்த்தை பாராட்டிவிட்டு, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று எழுந்திருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் வீட்டுக்காரனுடைய மனம் படுகிற பாட்டை, உப்புத் தண்ணீர்ப் பிரதேசத்தில் குடியிருப்பவர்களே நன்கு அறிவார்கள். தாம்பரத்துக்கு அப்பால் வீடு கட்டிக்கொண்டு நாங்கள் குடியேறிய மூன்றாம் வருஷத்திலேயே, கழிப்பறையின் வெண்பீங்கான் கோப்பையில், தண்ணீர் நிற்கும் மட்டத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையமும், பின்புறத்தில் தண்ணீர் இறங்கும் வழியே நாலு விரல் அகலத்துக்குச் செம்மண் பூசினாற்போல ஒரு பட்டையும் விழுந்துவிட்டன. தினந்தோறும் கழுவுகிற வீடு அது என்று சொன்னால், அந்தப் பட்டையைக் கண்டவர் எவரும் நம்பமாட்டார்.

கறை என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் தேய்க்க வேண்டியது என்ற எளிய சித்தாந்தத்தோடு நான் முதலில் கையில் எடுத்தது, பாத்திரம் துலக்கும் கம்பி நாரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் பிரம்மப் பிரயத்தனம் செய்ததில் கறை சற்று வெளுத்தது உண்மையே. ஆனால் பீங்கானின் மேல் கண்ணாடிபோல் உருக்கிப் பூசியிருக்கும் மெருகிலும் நுண்ணிய கீறல்கள் விழுந்து, அடுத்த மாதம் வந்த கறை அந்தக் கீறல்களிலேயே வேர் பிடித்துக்கொண்டு முன்னிலும் உறுதியாக உட்கார்ந்துவிட்டது.

அதன்பின் ஆசிட். பாட்டிலில் அடைத்து விற்கும் அந்தத் திராவகத்தைக் கோப்பையில் ஊற்றியபோது நுரைத்துக்கொண்டு கறை கரைந்ததைக் கண்டு நான் அடைந்த சந்தோஷம், பாட்டிலின் வாயிலிருந்து சிந்திய சில துளிகள் மொசைக் தரையில் சொரசொரப்பான வெள்ளைப் புள்ளிகளாக நிரந்தரமாய்த் தங்கிவிட்டதைக் கண்டதும் அடங்கிப் போயிற்று. மொசைக்கில் பதிந்திருப்பவை சலவைக்கல் சில்லுகள். கறையைத் தின்னும் திராவகம் அவற்றையும் தின்னும்.

மூன்றாவது பரீட்சையைச் சொல்ல இன்றும் வெட்கமாயிருக்கிறது. இரவில் பிளீச்சிங் பவுடரைத் தூவி வைத்துவிட்டு, காலையில் அதைக் கழுவாமலே, அதன்மேல் ஆசிட்டை ஊற்றினேன். இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்புக் குணம் என்பது என் கணக்கு. மறுகணமே மூச்சு அடைத்து, கண் எரிந்து, சுவரைத் தடவிக்கொண்டு நான் வெளியே வந்து விழ, "என்னங்க, என்ன பண்ணினீங்க?" என்று பதறி ஓடிவந்த என் மனைவி ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள். அந்தச் சிறிய அறையில் நான் உற்பத்தி செய்தது, 1915-ம் வருஷம் பெல்ஜியம் நாட்டுப் போர்க்களத்தில் ஜெர்மானியர் திறந்துவிட்டார்களே, அதே குளோரின் வாயு. அது காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானதால் தரையோடு தரையாகத் தங்கும். குனிந்து கழுவுகிறவனுடைய முகமோ அங்கேதான் இருக்கும். கூலிக்கு ஓர் ஆளை அமர்த்தி இந்தக் காரியத்தைச் செய்யச் சொல்லியிருந்தால் அந்த வாயு யாருடைய நெஞ்சில் இறங்கியிருக்கும் என்று எண்ணியபோதுதான், என் அறியாமையின் முழு விபரீதமும் எனக்கு விளங்கிற்று.

ஞானம் சமையலறைப் பக்கமிருந்து வந்தது. வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் வெள்ளைப் பொருக்குத் தடிப்பாகப் பிடித்திருந்ததற்கு, என் மனைவி ஒரு பிடி பழைய புளியைக் கரைத்து ஊற்றி இரவு முழுவதும் விட்டுவைத்தாள். விடிந்ததும் விரலால் தள்ளியபோதே அது ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது. "தேய்ச்சா கைதாங்க வலிக்கும், ஊற வச்சா தானா விட்டுடும்" என்று அவள் சாதாரணமாகச் சொன்ன வாக்கியத்தில் என் மூன்று வருஷத்துப் பிழை முழுவதும் அடங்கியிருந்தது.

ஏனெனில் தவலையில் இருந்ததும் கோப்பையில் இருந்ததும் ஒரே வஸ்து. பூமிக்கடியில் தண்ணீர் சுண்ணாம்புச் சத்தையும் இரும்புச் சத்தையும் கரைத்துக்கொண்டு தெளிவாகவே மேலே வருகிறது; காற்றுப் பட்டதும் சுண்ணாம்பு கல்லாகப் படிகிறது, இரும்பு துருவாகிப் பழுப்பேறுகிறது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதே உசிதம், வேறு வழியில்லாதபோது 600 வரை போகலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்ததில் அந்த மேல் வரம்பையும் தாண்டியிருந்தது. ஆகவே நான் மல்லுக்கு நின்றது அழுக்கோடு அல்ல, பாறையோடு. பாறைக்குச் சோப்பும் பிளீச்சிங்கும் ஒரு பொருட்டல்ல. பிளீச்சிங் கிருமியைக் கொல்லுமே தவிரச் சுண்ணாம்பைக் கரைக்காது, இரும்புக் கறையையோ இன்னும் கெட்டிப்படுத்திவிடும்.

அதைப் புளிப்பில் ஊறவைத்துக் கரைக்க இப்போது நான் அனுசரிக்கும் முறை இது. இரவு எல்லோரும் படுக்கப் போன பிறகு, ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றினால் கோப்பையில் நிற்கும் நீரின் மட்டம் தாழ்ந்துவிடும். மிச்சத்தையும் பழைய குவளையால் மொண்டு எடுத்துவிடுகிறேன். அந்த நீர் இருக்குமட்டும் எந்த மருந்தும் நீர்த்துப் போய்ப் பயனற்றதாகும். பிறகு, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுக்கும் சிட்ரிக் ஆசிட் தூள் 100 கிராமை, அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்ற வேண்டும்; கொதிநீர் ஆகாது, பீங்கான் விரிசல் கண்டுவிடும். விளிம்புக்கு அடியிலும் அந்தச் செம்பட்டையின் மேலும் கரைசல் நிற்காதாகையால், பழைய பருத்தித் துணியை அதில் நனைத்து ஒட்டிவிடுகிறேன். காலையில் துணியை எடுத்துவிட்டுச் சாதாரண பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். பல வருஷத்துக் கறை ஒரே இரவில் போகாது. எனக்கு நான்கு இரவுகள் ஆயின. கையுறையும் திறந்த ஜன்னலும் அவசியம். ஒரு மருந்தை முற்றிலும் கழுவி விடாமல் இன்னொன்றைத் தொடலாகாது.

வெண்மை திரும்பியது, ஆயினும் இரண்டே மாதத்தில் பின்புறப் பட்டை மட்டும் மறுபடி தலைகாட்டிற்று. வேறு வேலையாக வந்த பிளம்பர் அதைப் பார்த்துவிட்டு, "சார், கொஞ்சம் சொட்டு நீலம் குடுங்க" என்று வாங்கி, ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து நாலு சொட்டு விட்டார். யாரும் கைப்பிடியைத் தொடவில்லை. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் கோப்பையின் பின்புறத்தில், அந்தப் பட்டை இருந்த அதே தடத்தில், மெல்லிய நீலக்கோடு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. தேய்ந்துபோன வாஷர் வழியே இரவும் பகலும் ஓசையின்றிக் கசிந்த தண்ணீர்தான், துளித்துளியாகத் துருவைக் கொண்டுவந்து பூசியிருக்கிறது. "ஒழுகுறத நிறுத்தாம கறைய எடுத்து என்ன சார் பிரயோஜனம்?" என்றார் அவர்.

வாஷரை மாற்றிய பிறகு மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி எலுமிச்சை உப்பே போதுமானதாக இருக்கிறது. கம்பி நாருக்கும் ஆசிட்டுக்கும் நான் செலவழித்த பணத்துக்குக் கணக்கில்லை. அந்த வாஷரின் விலை 40 ரூபாய்.