பாதித் திரைக்குள் ஒரு மேக்கின்டாஷ்

அன்புள்ள தங்கைக்கு,

நிண்டெண்டோ டிஎஸ்ஸில் மேக்கின்டாஷ் பிளஸ் எமுலேட்டரை ஓட வைத்துவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. சூசன் கேர் வரைந்த அந்தச் சிரிக்கும் மேக் முகம் உள்ளங்கையளவு கருவியில் தோன்றினால் யாருக்குத்தான் குதிக்கத் தோன்றாது! குதித்து முடித்த பிறகு இதைப் படி. ஒருவர் அதில் மேக்பெயின்டைத் திறந்து படம் வரைந்து, சேமித்து, மறுநாள் அதே படத்தைத் திருத்த வேண்டும். அது நடக்கும்வரை உன் வேலை பாதியில்தான் நிற்கிறது.

வேகம் போதவில்லை என்கிறாய். கணக்கைப் பார்ப்போம். 1986இல் வந்த மேக் பிளஸ்ஸின் மோட்டோரோலா 68000 செயலி 8 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. டிஎஸ்ஸின் ஏஆர்எம்9 செயலி ஓடுவது 67 மெகாஹெர்ட்ஸில். 68000இன் மிக எளிய கட்டளைக்கே 4 சுழற்சி பிடிக்கும் என்பதால், ஒரு கட்டளையை எடுத்து, இன்னதென்று கண்டு, செய்து முடிக்க உனக்கு ஏறக்குறைய 34 சுழற்சி இருக்கிறது. தாராளம் என்று தோன்றும். ஆனால் டிஎஸ்ஸின் 4 மெகாபைட் முதன்மை நினைவகம் மந்தமானது. கேஷில் இல்லாததைத் தேடி அங்கே நாலு முறை போய் வந்தால் அவ்வளவும் கரைந்துவிடும். நீ வைத்திருக்கும் 65,536 வரிசை கொண்ட கட்டளை அட்டவணை மட்டும் 256 கிலோபைட். டேட்டா கேஷ் வெறும் 4 கிலோபைட். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? அட்டவணையைச் சுருக்கு. அடிக்கடி வரும் கட்டளைகளின் நிரலை, செயலியை ஒட்டியே இருக்கும் 32 கிலோபைட் வேக நினைவகத்தில் கொண்டுபோய் வை. 68000 ஏறக்குறைய ஒவ்வொரு கட்டளைக்கும் முடிவின் நிலையைக் குறிக்கும் கொடிகளை மாற்றுகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் படிப்பதே இல்லை. யாராவது கேட்கும்போது கணக்கிட்டால் போதும்.

இதெல்லாம் பொறுமை இருந்தால் கைகூடும் வேலை. உன் ரசனைக்குச் சோதனை திரையில்தான் இருக்கிறது.

மேக்கின் திரை 512க்கு 342 புள்ளி. கறுப்பு, வெள்ளை இரண்டே நிறம். டிஎஸ்ஸின் ஒவ்வொரு திரையும் 256க்கு 192. அகலம் துல்லியமாகப் பாதி! பாதியாக்கினால் 256க்கு 171, அழகாக அடங்கிவிடும். இந்தப் பொருத்தத்தைக் கண்டு எல்லோரும் செய்வதையே நீயும் செய்திருக்கிறாய்: ஒன்றுவிட்டு ஒரு வரி, ஒன்றுவிட்டு ஒரு புள்ளி என்று கழித்துவிட்டாய். மேக்கின் சாம்பல் நிறப் பின்னணி உண்மையில் கறுப்பும் வெள்ளையும் சதுரங்கக் கட்டம்போல் மாறிமாறி வருவது. நீ கழித்தபோது ஒரே நிறம் மட்டும் மிஞ்சி, மேசைப்பரப்பு முழுக்கக் கறுத்தோ வெளுத்தோ போயிருக்கும். நான்கு புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடு. ஐந்து படிநிலைச் சாம்பல் கிடைக்கும்; மேக்பெயின்டை எழுதிய பில் அட்கின்சன் அதில் தந்த நிரப்பு வடிவங்கள் பலவும் அவற்றின் நிழலடர்த்தியை இழக்காமல் நிற்கும்.

எழுத்துகளுக்கு இந்த வைத்தியம் போதாது. 9 புள்ளி அளவு ஜெனீவா எழுத்துருவைப் பாதியாக்கினால் யாராலும் வாசிக்க முடியாது. அதனால் முழுத்திரையின் பாதியளவுப் படத்தை மேல்திரைக்கு அனுப்பு. கீழ்த்திரையில் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி என்று அசல் அளவில் ஒரு பகுதியை மட்டும் காட்டு. திசைப்பொத்தானால் அதை நகர்த்தட்டும். திரை விசைப்பலகை, கூப்பிட்டால் மட்டும் வரட்டும். எப்போதும் அது கீழ்த்திரையை அடைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் தொடுதிரை கீழேதான் இருக்கிறது, கை வேலை செய்யும் இடமும் அதுதான்.

கையென்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. மேக்கின் மவுஸுக்கு ஒரே பொத்தான். மெனுவை அழுத்திப் பிடித்து, கீழே இழுத்து, வேண்டிய இடத்தில் விட வேண்டும். எழுதுகோலால் தொட்டு இழுத்து எடுப்பதும் அதே அசைவுதான்! வலப்பொத்தானை நம்பியிருக்கும் பிற்காலக் கணினிகளில் இந்தப் பேறு கிடைக்காது. ஆனால் மவுஸ் எவ்வளவு நகர்ந்தது என்றுதான் சொல்லும். எழுதுகோலோ எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. நகர்வாக மாற்றிக் கொடுத்தால் அம்புக்குறி விலகிப்போய்க்கொண்டே இருக்கும். மேக் தன் மவுஸின் இடத்தை நினைவகத்தின் தொடக்கப்பகுதியில், பதினாறடிமான எண் 828 முதலான முகவரிகளில் குறித்து வைக்கிறது. அங்கேயே நேராக எழுதிவிடு. மினி விமேக் என்ற மேக் எமுலேட்டரும் அப்படித்தான் செய்கிறது. பிறகு மேக்பெயின்டின் தூரிகையை எடுத்துப் பார். 1984இல் மவுஸை உருட்டி வரைந்தவர்களுக்குக் கிடைக்காத சுகம் அது.

அட்கின்சன் எழுதிய மேக்பெயின்டின் மூல நிரலை, ஆப்பிளின் அனுமதியோடு 2010இல் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. பாஸ்கலும் 68000 அசெம்ப்ளியும் கலந்தது. உன் எமுலேட்டரில் எது தவறினாலும் மேக்பெயின்ட் என்ன எதிர்பார்க்கிறது என்று அதில் பார்க்கலாம்.

சேமிப்பை மறந்துவிடாதே. 800 கிலோபைட் வட்டின் படிமத்தை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, வெளியேறும்போது அட்டையில் எழுதுகிறாய். கையடக்கக் கருவியை மடக்கிப் பையில் போடுவார்கள், பேட்டரி தீரும், வரைந்த படம் போய்விடும். மாறிய பகுதிகளை உடனுக்குடன் எழுது, கொஞ்சம் வேகம் குறைந்தாலும் பரவாயில்லை.

மேக் பிளஸ்ஸின் 128 கிலோபைட் ரோம் இன்னமும் ஆப்பிளின் உடைமை. உன் தொகுப்பில் அதைச் சேர்க்காதே. சொந்த இயந்திரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் வழியை மட்டும் எழுதிவை.

வட்டில் எழுதும் பகுதியைத் திருத்தியதும் எனக்கு அனுப்பு, படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா