ஸ்பீடு பேக் கொள்முதல்: யாருக்கு எந்த அளவு?

விளையாட்டுச் சாமான் வியாபாரம் செய்யும் உறுப்பினர்களுக்கு ஒரு பாடம். குத்துச்சண்டைப் பயிற்சிக்கான ஸ்பீடு பேக்கில் அளவுதான் முதல் கணக்கு. பெரியது (சுமார் 10 அங்குல உயரம், 7 அங்குல அகலம்) நிதானமாகத் திரும்பி வரும்; புதிதாகப் பழகுவோருக்கு ஏற்றது. சிறியது (8-க்கு 5) மிக வேகம், கைதேர்ந்தவருக்கே சரிப்படும். விலை மலிவென்று சிறியதையே நாங்கள் வாங்கி அடுக்கினோம். பழகும் பிள்ளைகள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சரக்கும் தேங்கியது, பெயரும் கெட்டது.

தோல் பை நெடுநாள் உழைக்கும். ரெக்சின் பை விலை குறைவு. எதுவானாலும் தையலைப் பார்த்து வாங்குங்கள். காற்றை மிஞ்சி அடித்தால் தையல் விடும். காற்றூசியை நனைத்துச் செருகச் சொல்லுங்கள். உள் பிளாடர் தனியாகவும் இருப்பு வையுங்கள். விற்குமுன், "யார் பழகப்போகிறார்?" என்று கேட்பதே நல்ல வியாபாரம்.